குற்றாலத்துத் தடையும் சமூக ஊடக ஒழுங்குமுறையும்

குற்றாலம் பேரருவியில் நீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழும்போது குளிக்கத் தடை விதிக்கப்படுகிறது. வரத்துக் குறைந்ததும் தடை நீங்குகிறது. அங்குக் கண்ணுக்குப் புலனாகும் அளவொன்று உண்டு. இளையோர் மனநலம் கருதிய சமூக ஊடக ஒழுங்குமுறையில் அத்தகைய அளவை வரையறுப்பதே முதன்மைச் சிக்கலாகும்.

தென்காசி மாவட்டத்தையும் தன் ஆள்வரையில் கொண்ட சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, டிக்டாக் செயலியின் பதிவிறக்கத்தைத் தடைசெய்யுமாறு 2019 ஏப்ரல் 3 அன்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஏப்ரல் 24 அன்று அதனை நிபந்தனையுடன் விலக்கிக்கொண்டது. அவ்வாணை ஆபாச உள்ளடக்கத்தையே முதன்மையாகக் கருதியது. முடிவின்றி நீளும் காணொளி வரிசை, விருப்பக்குறி எண்ணிக்கை, நள்ளிரவு அறிவிப்பு ஆகியனவோ செயலியின் வடிவமைப்பைச் சார்ந்தவை. உறக்கத்தையும் தன்மதிப்பையும் தொடுபவை.

2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்டோர் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் இசைவைக் கோருகிறது. நடத்தைக் கண்காணிப்பையும் இலக்கு விளம்பரத்தையும் விலக்குகிறது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயது வரம்பை நடைமுறைப்படுத்தியது. பிள்ளையே கைப்பேசியை இயக்கித் தரும் பீடித் தொழிலாளர் வீடுகளில் இசைவு வெறும் சடங்காகிவிடக்கூடும். எனவே, நுழைவோரின் வயதோடு வடிவமைப்பின் வேகத்தையும் அளக்கும் ஒழுங்குமுறையே பொருத்தமுடையது.