கற்பனைக் கதையும் கற்போர் கருத்தும்

பழனி மலைத்தொடரில், கோடைக்கானலுக்குச் செல்லும் வழியில், பெருமாள்மலை என்னும் ஊர் உள்ளது. வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் சாலையும் பழனியிலிருந்து ஏறிவரும் சாலையும் அங்கே ஒன்றுகூடுகின்றன. ஊருக்கு மேலே பெருமாள்மலைச் சிகரம் முகில் தவழ நிமிர்ந்து நிற்கின்றது.

இம்மலைத்தொடரில் கல்திட்டைகள் பல காணப்படுகின்றன. பலகைக் கற்களைச் சுவர்களாக நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு பெருங்கல்லைக் கூரையாக மூடிய சிற்றறைகளே கல்திட்டைகள். ஆங்லேட், நியூட்டன் என்னும் துறவியர் இருவர் அவற்றைப் பற்றி எழுதிய நூலை இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறை 1928ஆம் ஆண்டில் வெளியிட்டது. அவை பண்டை மக்கள் இறந்தோர்க்கு எழுப்பிய ஈமச் சின்னங்கள் என்பர் ஆராய்ச்சியாளர். ஆனால், தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இத்தகைய அறைகளைக் ‘குள்ளர் வீடு’ என்றும் ‘பாண்டவர் வீடு’ என்றும் மக்கள் அழைப்பதுண்டு. ஒருவர் நிமிர்ந்து நிற்கவும் இடமில்லாத வீட்டைக் கண்டதும், அதற்கேற்ற குள்ள மனிதரை மக்கள் உள்ளம் படைத்துக்கொண்டது. கற்பனைக் கதை இவ்வாறே பிறக்கின்றது.

இத்தகைய கதைகளைப் பொய்யென ஒதுக்குவாரும் உளர். பொய் பிறரை ஏமாற்றக் கூறுவது. கற்பனையோ, கூறுவோரும் கேட்போரும் அறிந்தே நுழையும் உலகம். அவ்வுலகத்திற்கும் ஒழுங்கு உண்டு. சீவக சிந்தாமணியில், கருவுற்ற விசயை மயிற்பொறி ஏறி வானில் செல்கின்றாள். அப்பொறியை வலப்புறம் திருகினால் எழும். இடப்புறம் திருகினால் இறங்கும். மணிமேகலையின் கையிலுள்ள அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது. எனினும், கற்பிற் சிறந்த ஆதிரை முதற்பிச்சை இட்ட பின்னரே அது பெருகத் தொடங்குகின்றது. வியப்பை விரும்பியவாறெல்லாம் நிகழவிடாமல் ஒரு நெறிக்குள் நிறுத்துவதே நல்லாசிரியர் இயல்பு. ஆதலின், கற்பனைக் கதையைப் பற்றிக் கருத்துரைப்போர், ‘இது நடக்குமா?’ என்று மட்டும் வினவுதல் போதாது. ‘இக்கதை தான் வகுத்த நெறியில் நிற்கின்றதா? மனித உள்ளத்தைப் பற்றிய உண்மை இதில் உண்டா?’ என்றும் வினவுதல் வேண்டும்.

ஆராயாது கூறும் கருத்து எத்தகைய கேடு செய்யும் என்பதற்குப் பழங்கதை ஒன்று சான்றாகும். குணாட்டியர் என்னும் புலவர், ஏழு இலட்சம் சுலோகங்களில் ‘பிருகத்கதை’ என்னும் பெருநூலைப் பைசாச மொழியில் இயற்றினார். அதனைச் சாதவாகன மன்னனுக்கு அனுப்பினார். மன்னனோ மொழி இழிந்தது என்று கூறி நூலை இகழ்ந்து ஒதுக்கினான். மனம் நொந்த புலவர், காட்டில் தீ வளர்த்து, ஒவ்வோர் ஏடாகப் படித்து அதிலிட்டார். விலங்குகள் மேய்ச்சல் மறந்து சூழ்ந்து நின்று, கண்ணீர் சொரிந்து கேட்டன. செய்தி அறிந்து மன்னன் ஓடிவந்தபோது ஆறு இலட்சம் சுலோகங்கள் எரிந்துவிட்டன. ஓர் இலட்சமே எஞ்சியது. விலங்குகள் உணர்ந்த சுவையை வேந்தன் உணராமற் போனதற்குக் காரணம், அவன் நூலைப் படியாமலே தீர்ப்புக் கூறியதுதான். இந்நூலின் வழிவந்ததே கொங்குவேளிர் தமிழில் இயற்றிய பெருங்கதை. உ. வே. சாமிநாதையர் அதனை 1924ஆம் ஆண்டில் பதிப்பித்தார்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று இங்கிலாந்து நாட்டில் நடந்தது. டோல்கியன் என்னும் பேராசிரியர் ‘ஹாபிட்’ என்ற கதையை எழுதினார். பறவைநாகம் ஒன்று காத்துக்கிடக்கும் மலைச் செல்வத்தை மீட்கப் பதின்மூன்று குள்ளர்களுடன் செல்லும் சிற்றுருவினன் ஒருவனின் வரலாறு அது. பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், சிறுவர் நூலுக்குச் சிறுவரே நல்ல நடுவர் என்று எண்ணி, 1936ஆம் ஆண்டில் அதன் கைப்படியைப் பத்து வயதுள்ள தம் மகன் ரெய்னரிடம் கொடுத்தார். சிறுவன் அதனைப் படித்துக் கதையைச் சுருக்கி எழுதி, அது நன்றாக உள்ளது என்றும், எவ்வயதினர்க்கு ஏற்கும் என்றும் குறித்தான். அவன் பெற்ற ஊதியம் ஒரு ஷில்லிங். நூல் 1937ஆம் ஆண்டில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. பின்னாளில் அச்சிறுவனே பதிப்பாளராகி, டோல்கியனின் மற்றொரு பெருங்கதை இழப்பைத் தரக்கூடும் என்று அறிந்தும், அதன் தகுதியில் நம்பிக்கை வைத்து வெளிவரத் துணைநின்றார். அது 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது.

மன்னனுக்கு அதிகாரம் இருந்தது. படிக்கும் பொறுமை இல்லை. சிறுவனுக்கு அதிகாரம் இல்லை. படித்து உணர்ந்ததை உள்ளவாறு கூறும் நேர்மை இருந்தது. சொல்லுபவர் யாவர் என்பதைவிடச் சொல்லின் பொருளையே ஆராய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறியன்றோ?

எனவே, தாம் விரும்பும் நூலைப் பற்றிப் பேசும் மாணவர், முதலில் அதனை முழுதும் படித்தல் வேண்டும். ‘நன்று’, ‘தீது’ என்று கூறுவதோடு அமையாமல், எவ்விடம் நன்று, எதனால் நன்று என்று காரணம் காட்டுதல் வேண்டும். தமக்குச் சுவைக்காத ஒன்றை நூலின் குற்றமாகக் கருதுதல் கூடாது. நண்பன் வேறொரு நூலைப் புகழ்ந்தால், அதனைப் பழிக்குமுன் படித்துப் பார்த்தல் வேண்டும்.

விக்கிரமாதித்தன் தோளில் கிடந்த வேதாளம், ஒவ்வொரு கதையின் முடிவிலும் அவனிடம் தீர்ப்புக் கேட்கும். விடை தெரிந்தும் கூறாவிடின் தலை வெடித்துவிடும் என்பது அதன் எச்சரிக்கை. வாய் திறந்தால் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும் என்று அறிந்தும், அவன் உண்மையையே உரைத்தான். தன் உழைப்பு வீணாயினும், அறிந்த உண்மையை மறையாமையே அவன் பெருமை.

வத்தலக்குண்டு வழியே வருவோர் காணும் காட்சி வேறு. பழனி வழியே வருவோர் காணும் காட்சி வேறு. எனினும் இருவரும் பெருமாள்மலையில் சந்திக்கின்றனர். ஒருவர் கண்டதை மற்றவர் பொறுமையுடன் கேட்டால், இருவரும் மலையின் இருபுறத்தையும் அறிவர். நூலைப் பற்றிய கருத்துப் பரிமாற்றமும் அத்தகையதே.