காலித் தோட்டாவும் கால் துளி நீரும்

நெடுந்தொலைவுக் குறி சுடும் அமெரிக்கர் ஒருவர், நகைக்கடைத் தராசைவிட நுட்பமான தராசில் காலித் தோட்டாக் கூடுகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பிரிக்கும் காணொலியைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “காலிக் கூட்டின் எடைக்கும் குறி தப்பாமல் சுடுவதற்கும் என்ன சம்பந்தம்?” சம்பந்தம் இருக்கிறது. விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை.

அங்கே போட்டியாளர்கள் பலர் சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எடுத்து, மருந்தும் குண்டும் தாங்களே பொருத்தி மறுபடி பயன்படுத்துகிறார்கள். கூடு குண்டோடு பறந்து போவதில்லை, துப்பாக்கியிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே அதன் எடை நேரடியாக எதையும் செய்வதில்லை. குண்டின் வேகத்தில் கை வைப்பது கூட்டின் உள்ளிடம்.

இங்கேதான் எனக்குப் பிடித்த சங்கதி வருகிறது. புகையற்ற வெடிமருந்து, அழுத்தம் ஏற ஏற வேகமாக எரியும். உள்ளிடம் சற்றே குறைந்தால் வாயு நெருக்குண்டு அழுத்தம் சீக்கிரம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் மருந்தை இன்னும் விரைவாக எரிக்கிறது. அதில் பிறக்கும் வாயு அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. ஒன்றையொன்று முடுக்கிவிடும் இந்தச் சுழல் வினாடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரத்துக்குள் நடந்து முடிகிறது. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு வகுத்திருக்கும் அழுத்த வரம்பு, வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 4,200 மடங்கு. அதே தோட்டாவில் குண்டின் வேகம் வினாடிக்கு 3 மீட்டர் மாறினாலே, 1,000 கஜத் தொலைவில் அது ஏறக்குறைய 8 செ.மீ. மேலோ கீழோ விலகிவிடும். எல்லாக் கூடும் ஒரே கொள்ளளவில் இருக்க வேண்டும் என்று அவர்கள் தவிப்பதில் நியாயம் உண்டு.

அப்படியானால் ஏன் எடை பார்க்கிறார்கள்? வெடிக்கும்போது கூடு விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு மயிரிழை அளவு சுருங்குகிறது. ஒரே துப்பாக்கியில் சுட்ட கூடுகளுக்கு வெளிவடிவம் கிட்டத்தட்ட ஒன்றுதான். எடை கூடினால் உலோகம் உள்பக்கம்தான் கூடியிருக்க வேண்டும் என்பது கணக்கு. பழைய மளிகைக் கடைப் படியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு படிகள், ஒரே உயரம், ஒரே சுற்றளவு. ஒன்று கனத்தால் அதன் அடித்தகடு தடிமன், அரிசி குறையும் என்று ஊகிக்கலாம். ஆனால் கனம் வாய்ப்பட்டையில் இருந்தால்? ஒரு மணி அரிசிகூடக் குறையாது. தோட்டாக் கூட்டுக்கும் அடியில் ஒரு விளிம்பு, அதையொட்டி ஒரு பள்ளம் உண்டு. காலிக் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி அந்த விளிம்பைத்தான் பிடிக்கும். பள்ளத்தைக் கடையும்போது ஆழம் சற்று மாறினால் எடை மாறும். உள்ளிடம் அப்படியே இருக்கும். தராசுக்கு அடித்தகடும் வாய்ப்பட்டையும் ஒன்றுதான்.

அளவையும் பார்த்துவிடுவோம். .308 கூடு சுமார் 11 கிராம். வாய்வரை ஏறக்குறைய 3.6 மி.லி. நீர் கொள்ளும். ஒரு மி.லி. பித்தளை 8.5 கிராம். எனவே 0.1 கிராம் உலோகம் முழுவதும் உள்பக்கமே கூடியிருந்தாலும் அது அடைப்பது 0.012 மி.லி. தான். ஆயிரத்தில் மூன்று பங்கு.

நேராக நீர் ஊற்றியே அளக்கலாமே என்றால், அதுவும் லேசில்லை. பழைய பிரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை) வைத்து அடித்துளையை அடைத்து, நீர் நிரப்பி நிறுக்கிறார்கள். கழுத்து விளிம்பில் நீர் மேடாகக் கூம்பி நிற்கிறதா, குழிந்து நிற்கிறதா என்பதிலேயே அளவு மாறிவிடும். 20 துளி ஒரு மி.லி. என்று வைத்தால், மேலே சொன்ன 0.012 மி.லி. என்பது கால் துளி. உள்சுவரில் ஒட்டிய காற்றுக்குமிழிகள் அதை விழுங்கிவிடும். பலமுறை அளந்து சராசரி பார்க்காத நீர்க்கணக்கை நான் நம்ப மாட்டேன்.

தராசு காட்டாத இன்னொன்றும் உண்டு, அதற்கு வரலாறு கொஞ்சம். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் கலந்த தோட்டாப் பித்தளை, பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் ராணுவத்துக்குப் பெரிய தலைவலி கொடுத்தது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களில் விரிசல் கண்டது. இழுத்து உருவாக்கும்போது உலோகத்தில் தங்கிய இறுக்கமும், குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் விளக்கினார்கள். அந்த விரிசலையும் எந்தத் தராசும் காட்டியிருக்காது.

வாசகருக்கு என் பதில் இதுதான். ஒரே ஆலையில் ஒரே தொகுதியாக வந்து, ஒரே துப்பாக்கியில் சுட்டு, ஒரே நீளத்துக்கு வெட்டிய கூடுகளில், மற்றவற்றோடு சேராத ஒன்றிரண்டை ஒதுக்கத் தராசு உதவும். வெவ்வேறு ஆலைக் கூடுகளை எடை ஒன்று என்பதற்காகக் கலக்கக் கூடாது. கனமான ராணுவக் கூட்டில் உள்ளிடம் பெரும்பாலும் குறைவு. வழக்கமான அளவு மருந்து போட்டால் அழுத்தம் எகிறும், அது ஆபத்து. “எடை பார்த்துப் பிரித்தது” என்ற முத்திரைக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பது வீண் செலவு.