புகைப்படத்திற்குப் புகை வேண்டுமா?

நிழற்படத்தைப் ‘புகைப்படம்’ என்று வழங்குவது நம்மிடையே நெடுநாளைய பழக்கம். அப்படத்தில் புகை எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. நாம் ஒரு முறை அப்புகையையே தேடிக் காமிராவுடன் புறப்பட்டோம். அப்பயணத்தில் கற்ற பாடத்தை நேயர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1998-ஆம் ஆண்டின் தொடக்கம். வடநாட்டுக் குளிர் இன்னும் விடைபெறாத காலம். தில்லி கன்டோன்மென்ட் நிலையத்திலிருந்து இராஜஸ்தானத்து ஆல்வாருக்கு 143 கிலோமீட்டர் உல்லாசப் பயணம். இழுத்துச் செல்வதோ ‘ஃபேரி குவீன்’ என்னும் நீராவி எஞ்சின். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்சன், ஹெவிட்சன் நிறுவனத்தார் 1855-இல் இதனைச் செய்தனர். அதே ஆண்டில் கல்கத்தா வந்து சேர்ந்து, கிழக்கிந்திய இரயில்வேயின் 22-ஆம் எண்ணைப் பெற்றது. பெயர் சூட்டப்பட்டது 1895-இல்தான். 1909-இல் ஓய்வு பெற்று, நெடுங்காலம் காட்சிப் பொருளாக நின்றது. பின்னர் சென்னைப் பெரம்பூர் லோகோ பணிமனையில் பழுதுபார்க்கப்பட்டு, 88 ஆண்டுகளுக்குப் பின் 1997-இல் மீண்டும் தண்டவாளத்தில் ஓடியது. முறையாக ஓடிக்கொண்டிருக்கும் நீராவி எஞ்சின்களுள் உலகிலேயே பழையது என்று கின்னஸ் நூலாரும் 1998-இல் ஏற்றுக்கொண்டனர்.

நம் காமிராவில் 36 படங்களுக்கு மட்டுமே பிலிம் இருந்தது. புறப்படுமுன்பே பத்தைச் செலவிட்டுவிட்டோம். ஆள் உயரமுள்ள ஒற்றை இணைப் பெருஞ்சக்கரம், துலக்கிய பித்தளை, பச்சை வண்ணம் யாவும் படத்தில் அடங்கின. ஆனால் நம் மனத்தில் இருந்த படம் வேறு. வானத்தைக் கருமேகம்போல் மறைக்கும் புகையும், அதன் கீழே சீறி வரும் எஞ்சினும் வேண்டும். காலையில் புகைப்போக்கியிலிருந்து எழுந்ததோ பஞ்சுப் பொதிபோன்ற வெண்மை. வெயில் ஏற ஏற அதுவும் மெலிந்து, கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. நமக்கு ஏமாற்றமாக இருந்தது.

அந்த வெண்மை புகையன்று. உண்மையில் நீராவிக்கு நிறமே கிடையாது. குளிர்ந்த காற்றில் பட்டு நுண்ணிய நீர்த்துளிகளாக மாறும்போதுதான் அது வெள்ளையாகத் தோன்றுகிறது. ஆகையால் குளிர்காலையில் அடர்த்தியாகவும் நண்பகலில் அரிதாகவும் காண்கிறோம். நெருப்பறையின் வெப்பவாயு, குழாய்களின் வழியே கொதிகலத்து நீரினூடே சென்று நீரை ஆவியாக்குகிறது. அந்த ஆவி உருளைகளுக்குள் புகுந்து உந்துதண்டுகளைத் தள்ளுகிறது. வேலை முடிந்த ஆவி புகைப்போக்கி வழியே பீறிட்டு வெளியேறுகிறது. வெளியேறும் வேகத்தில் நெருப்புக்குப் புதிய காற்றையும் இழுத்துத் தருகிறது. நாம் கேட்கும் ‘குப் குப்’ ஒலி இதுவே. சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் இவ்வொலி நான்கு முறை எழும். எஞ்சின் எவ்வளவுக்கு உழைக்கிறதோ, அவ்வளவுக்கு அதன் நெருப்பும் தானே ஊதப்பெறுகிறது.

கரும்புகையின் கதை வேறு. அது எரியாமல் வீணாகும் கரி. ஒரே வீச்சில் மிகுதியாகக் கரியை அள்ளிப்போட்டாலும், காற்றுப் போதாவிட்டாலும் கரும்புகை எழும். சிறிது சிறிதாக, அடிக்கடி, இடமறிந்து தூவுவதே கைதேர்ந்த பயர்மேனின் தொழில்.

இது அறியாமல், இடைவழி நிலையம் ஒன்றில் தண்ணீருக்காக வண்டி நின்றபோது, வயது முதிர்ந்த அந்தப் பயர்மேனை அணுகி, “கொஞ்சம் புகை காட்டுங்கள், ஐயா” என்று அரைகுறை இந்தியில் கேட்டோம். அவர் சிரித்துத் தலையசைத்தார். “அது கரியின் புகை அன்று, பாபுஜி, என் கைத்தவறு வெளியே தெரிவது” என்றார். நாம் விடவில்லை. உடன் வந்த பயணிகளும் சேர்ந்துகொண்டனர். விருந்தினர் மனம் கோணலாகாது என்று ஓட்டுநரும் சாடை காட்டினார். பெரியவர் நான்கு மண்வெட்டி கரியை ஒருசேர வீசினார். கரும்புகை சுருண்டு எழுந்தது. நாமும் மூன்று படங்கள் எடுத்தோம்.

எல்லாரும் பெட்டிகளில் ஏறிய பின்பும் வண்டி நகரவில்லை. நாம் இறங்கி முன்னே சென்று பார்த்தோம். குளிர்ந்த கரி மிகுதியாக விழுந்ததால் நெருப்பு அடங்கி, அழுத்தமானியின் முள் தாழ்ந்துவிட்டது. பெரியவர் நெருப்பைக் கிளறுவதும் முள்ளை நோக்குவதுமாக இருந்தார். வியர்வை வழிந்த அம்முகத்தில் கோபம் இல்லை; கணக்குப் பிசகிய மாணவனின் கூச்சமே இருந்தது. பிசகு நம்முடையது; கூச்சம் அவருடையது! அவர் அனுமதியுடன் எஞ்சிய ஒரே பிலிமில் அக்காட்சியை எடுத்தோம். சில நிமிடங்களில் முள் ஏறிற்று; வண்டியும் புறப்பட்டது.

கரும்புகைப் படங்களை நண்பர்கள் பெரிதும் பாராட்டினர். நமக்கோ அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளம் உறுத்தும். முள்ளை நோக்கும் அந்த முகமே இன்றும் நம் மேசைமீது இருக்கிறது.

பிற்காலத்தில், 2011-இல், அந்த எஞ்சினின் பல பாகங்கள் களவுபோயின. மீண்டும் பெரம்பூர்ப் பணிமனையே அதனைச் செப்பம் செய்தது. 2017-இல் தில்லியிலிருந்து ரேவாரிக்கு அது மறுபடியும் ஓடிற்று. களவுபோன இரும்பை வார்த்துவிடலாம். கரியை இடமறிந்து தூவும் கைப்பழக்கமோ ஒருவர் அருகே நின்று மற்றொருவர் கற்றால்தான் நிலைக்கும்.

ஆகவே, நீராவி எஞ்சினைப் படம் பிடிக்கச் செல்லும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வோம். குளிர்ந்த காலையில் செல்லுங்கள்; வெண்ணிற ஆவி தானே அழகாக எழும். புகைப்போக்கியின் வாய் தெளிந்திருந்தால் ஏமாற்றம் கொள்ளாதீர்கள். உள்ளே வேலை தெரிந்த ஒருவர் நிற்கிறார் என்பதற்கு அதுவே சான்று. முடிந்தால் அவரையும் ஒரு படம் எடுங்கள்.