செம்பனைத் தோட்டத்துக்கு எந்த ஸ்கோப்?

பினாங்கின் செபராங் பிறை தெற்கு மாவட்டத்தில் இருக்கும் சிம்பாங் அம்பாட், பெயருக்கேற்ற நாற்சந்தி. 2014இல் இரண்டாவது பினாங்கு பாலம் பத்து காவானில் கரையிறங்கிய பின், இந்த வட்டாரத்தில் செம்பனை வரிசை முடியும் இடத்திலேயே வீட்டு வேலி தொடங்கும் நிலை பெருகிவிட்டது. இளஞ்செம்பனையின் குருத்தைக் குடைந்து தின்னும் காட்டுப்பன்றியோ மலேசியத் தோட்டக்காரர்களின் பழைய தலைவலி. அதைச் சுடவும் சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. துப்பாக்கிக்கு 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் போலீஸ் லைசன்ஸ் வேண்டும். வேட்டைக்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி வேண்டும். இரண்டையும் முறையாகப் பெற்றவர் அடுத்துக் கேட்பது, ரைபிளுக்கு எந்த ஸ்கோப் வாங்கலாம் என்பதே. பலரும் உருவத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்று பார்த்தே வாங்குகிறார்கள். தோட்டத்துக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. இங்கே தேவைப்படுவது குறைந்த பெருக்கம், அகன்ற காட்சி, மங்கிய பொழுதிலும் தெளிவு.

கடையில் அதிகம் காணப்படும் 3-9x40 ஸ்கோப்பையே எடுத்துக்கொள்வோம். உருவத்தை 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கலாம், முன்வில்லையின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்பதே அந்த எண்களின் பொருள். 100 மீட்டர் தொலைவில் 3 மடங்கில் ஏறத்தாழ 10 மீட்டர் அகலம் கண்ணில் படும்; 9 மடங்கில் 4 மீட்டர் சொச்சம்தான். செம்பனையை மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுகிறார்கள். அடிமரமும் தொங்கும் மட்டையும் மறைப்பதால், பன்றி கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் 30, 40 மீட்டருக்குள்தான். 30 மீட்டரில் 9 மடங்கு வைத்துப் பார்த்தால் தெரியும் அகலம் ஒன்றேகால் மீட்டர். பன்றியின் உடலே அதை நிறைத்துவிடும். அதன் பக்கத்தில் உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருப்பவரோ மேய்ச்சல் மாடோ ஸ்கோப்புக்குள் தெரிய வாய்ப்பே இல்லை.

வெளிச்சக் கணக்கும் இதையே சொல்கிறது. முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40ஐ 9ஆல் வகுத்தால் 4.4 மில்லிமீட்டர். பன்றி வெளியே வரும் அந்தி நேரத்தில் நம் கண்மணி 5 முதல் 7 மில்லிமீட்டர் வரை விரிந்திருக்கும். அவ்வளவு விரிந்த கண்ணுக்கு 4.4 போதாது, காட்சி இருண்டுவிடும். விலை குறைந்த 4x32 ஸ்கோப்போ 8 மில்லிமீட்டர் தருகிறது. கையில் ஏற்கெனவே 3-9x40 இருந்தால் அதைத் தூக்கிப்போட வேண்டாம். 3லோ 4லோ வைத்துப் பயன்படுத்தினால் போதும்.

பெருக்கம் கூடினால் குறி தப்பாதே என்று சிலர் கேட்பார்கள். 300 மீட்டர் திறந்த வெளியில் அது நியாயம். 40 மீட்டரில் இருக்கும் பன்றி 4 மடங்கு ஸ்கோப்பில் 10 மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். அதற்கு மேல் பெரிதாக்கினால் கைநடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும். இதைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு: நிற்பது பன்றியா, வேறு ஏதாவதா என்று உறுதிப்படுத்த அதிகப் பெருக்கம் உதவாதா? உதவும். ஆனால் அந்த வேலைக்குரிய கருவி பைனாகுலர். ஸ்கோப்பால் அடையாளம் தேடுகிறவர், இன்னதென்று தெரியாத ஒன்றின் மீது துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருக்கிறார். அது ஒரு மனிதராக இருந்தால், பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே குழல் அவர் மீது இருக்கிறது. சுடப்போகாத எதன் மீதும் குழலைத் திருப்பாதே என்பது துப்பாக்கி பிடிப்பவரின் முதல் பாடம். ஆகவே ஸ்கோப்புக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை நல்ல பைனாகுலருக்குக் கொடுப்பதே அறிவுடைமை.

மற்றவை எளியவை. நம் ஊர் ஈரக்காற்றில் வில்லைக்குள் ஆவி படியாதிருக்க, நைட்ரஜன் நிரப்பி அடைத்த ஸ்கோப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். சுடும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைப்பதால், கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே 8 முதல் 10 சென்டிமீட்டர் இடைவெளி தேவை. பொருத்திய பின், அனுமதி பெற்ற சுடுதளத்தில் 50 மீட்டருக்குக் குறியைச் சரிசெய்ய வேண்டும். கால் எம்ஓஏ (கோண நிமிடம்) அளவுள்ள திருகு ஒரு சொடுக்குக்கு 100 மீட்டரில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நகர்த்தும். 50 மீட்டரில் அதில் பாதி.

எந்த ஸ்கோப்பும் பன்றிக்குப் பின்னால் மறைந்திருப்பதைக் காட்டாது. சிறிய ரகமான பாயின்ட் 22 தோட்டாவே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பறக்கக்கூடியது. சிம்பாங் அம்பாட்டில் பல தோட்டங்களுக்கு அந்தத் தூரத்துக்குள் வீடுகள் இருக்கின்றன. தோட்டாவைத் தாங்கி நிறுத்த மண்மேடு பின்னால் இருக்கிறதா, பக்கத்தில் ஆள் உண்டா என்று ஒரே பார்வையில் காட்டும் ஸ்கோப்பே இந்த ஊருக்கு ஏற்றது. அது தெளிவாகத் தெரியாதபோது விரலை விசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். தப்பிய பன்றி நாளையும் வரும்.