நடுவயதில் உடற்பயிற்சியும் அனபாலிக் ஸ்டீராய்டுகளும்

அனபாலிக் ஸ்டீராய்டுகள் என்பவை ஆண் பாலின ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனையும், அதை ஒத்த செயற்கை வேதிப்பொருள்களையும் குறிக்கும். இவை தசையில் புரதம் சேர்வதைக் கூட்டுகின்றன. தமிழில் இவற்றை வளர்மாற்ற ஸ்டீராய்டுகள் என்றும் கூறுவர். பல ஆண்டுகள் உடற்பயிற்சியை விட்டிருந்து, நாற்பது அல்லது ஐம்பது வயதில் மீண்டும் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்பவர்களில் சிலர், இழந்த உடற்கட்டை விரைவாக மீட்க இம்மருந்துகளை நாடுகின்றனர். இவை தசையை வளர்க்கும் என்பது உண்மை. ஆனால் இதய நோய்க்கான வாய்ப்பு கூடத் தொடங்கும் வயதில் அந்த வளர்ச்சிக்கு உடல் கொடுக்கும் விலை அதிகம். மேலும், பயிற்சிக்குத் திரும்புபவருக்கு மருந்தில்லாமலே கிடைக்கும் வளர்ச்சியும் கணிசமானது.

இரு வகை ஸ்டீராய்டுகள்

ஸ்டீராய்டு என்ற சொல் ஒரே வகை வேதிக் கட்டமைப்பைக் கொண்ட பல பொருள்களைக் குறிக்கும் பொதுப்பெயர். ஆஸ்துமா, மூட்டு அழற்சி, தோல் ஒவ்வாமை ஆகியவற்றுக்கு மருத்துவர் தரும் பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் போன்றவை கார்ட்டிகோஸ்டீராய்டுகள். இவை அழற்சியைத் தணிப்பவை. நீண்ட நாள் உட்கொண்டால் தசையை மெலியச் செய்பவை. உடற்கட்டுக்காகப் பயன்படுத்தப்படும் அனபாலிக் ஸ்டீராய்டுகள் இவற்றிலிருந்து முற்றிலும் வேறானவை. நான்ட்ரோலோன், ஸ்டானோசோலோல், மெத்தாண்டியெனோன், டெஸ்டோஸ்டிரோன் எனான்தேட் ஆகியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. இரண்டையும் ஒன்றெனக் கருதி, ஆஸ்துமாவுக்குத் தரப்பட்ட மருந்தை அஞ்சி நிறுத்துவதும் தவறு. மருத்துவர்களே தரும் மருந்துதானே என்று உடற்கட்டு ஊசியைப் போட்டுக்கொள்வதும் தவறு.

வரலாறு

முதுமையை ஹார்மோனால் விரட்டலாம் என்ற எண்ணம் பழையது. 1889-இல் பாரிஸ் நகரில், சார்ல்ஸ் எடுவர்ட் பிரௌன்-செக்கார் என்ற புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞர், தம் 72-ஆம் வயதில், நாய் மற்றும் கினிப் பன்றியின் விரைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தமக்கே ஊசி மூலம் செலுத்திக்கொண்டார். உடல் வலிமையும் மனத்தெளிவும் திரும்பிவிட்டதாக அறிவித்தார். ஆனால் விரைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சேமித்து வைப்பதில்லை. அவர் முறையிலேயே சாற்றைத் தயாரித்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், அதில் இருந்த ஹார்மோன் எந்த விளைவையும் தர இயலாத அளவு சொற்பம் என்று 2002-இல் காட்டினர். அவர் உணர்ந்தது நம்பிக்கையின் விளைவே.

டெஸ்டோஸ்டிரோன் 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் தூய வடிவில் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் அடோல்ஃப் பூட்டெனாண்ட், லியோபோல்ட் ருசிக்கா ஆகியோர் தனித்தனியே அதைச் செயற்கையாகத் தயாரித்தனர். இருவருக்கும் 1939-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1950-களின் இறுதியில் சீபா நிறுவனத்தின் டயனபால் மாத்திரை வெளிவந்தபின் இப்பழக்கம் பளுதூக்குவோரிடையே பரவியது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஸ்டீராய்டுகளுக்கான சோதனை முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் வென்ற பென் ஜான்சன், ஸ்டானோசோலோல் பயன்படுத்தியதற்காகப் பதக்கத்தை இழந்தார். இன்று இப்பொருள்களைப் பயன்படுத்துவோரில் பலர் போட்டிகளில் பங்கேற்காதவர்கள், தோற்றத்துக்காகவே பயன்படுத்துபவர்கள்.

நடுவயதில் உடலில் நிகழும் மாற்றங்கள்

முப்பது வயதுக்குப் பின், பயிற்சி இல்லாத உடலில் தசையின் அளவு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகிறது. ஆண்களில் டெஸ்டோஸ்டிரோன் அளவும் ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடு என்ற மெதுவான வேகத்தில் இறங்குகிறது. பெண்களின் மாதவிடாய் நிறைவைப் போன்ற திடீர் வீழ்ச்சி ஆண்களுக்கு இல்லை. எனவே 45 வயதில் ஒருவர் உணரும் சோர்வு, தொப்பை, வலிமைக் குறைவு ஆகியவற்றுக்கு ஹார்மோனே காரணம் என்று முடிவு செய்ய இயலாது. உட்கார்ந்தே செய்யும் வேலை, குறைந்த தூக்கம், உடல் பருமன், மது, நீரிழிவு ஆகியவை அதே அறிகுறிகளைத் தருவதோடு, டெஸ்டோஸ்டிரோன் அளவையும் குறைக்கின்றன. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், நலமுள்ள இளைஞர்கள் ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டும் தூங்கியபோது, பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் அளவு 10 முதல் 15 விழுக்காடு வரை குறைந்தது.

மருந்து தரும் பயன்

அனபாலிக் ஸ்டீராய்டு தசை உயிரணுவுக்குள் ஆண்ட்ரோஜன் ஏற்பியுடன் இணைந்து, புரதத் தயாரிப்பைத் தூண்டுகிறது. இதன் அளவை 1996-இல் வெளியான ஷலேந்தர் பாசின் குழுவினரின் ஆய்வு தெளிவாக்கியது. 19 முதல் 40 வயதுடைய 43 ஆண்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். மருந்து பெற்றவர்களுக்கு 10 வாரங்கள், வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனான்தேட் தரப்பட்டது. குறைபாடு உள்ளவருக்குச் சிகிச்சையாகத் தரப்படும் அளவைப் போல இது பல மடங்கு.

கொழுப்பு நீங்கலான உடல் எடை பின்வருமாறு கூடியது:

• பயிற்சி மட்டும் செய்தவர்கள்: 1.9 கிலோ
• பயிற்சியின்றி மருந்து மட்டும் பெற்றவர்கள்: 3.2 கிலோ
• மருந்தும் பயிற்சியும் சேர்ந்தவர்கள்: 6.1 கிலோ

மருந்தின் ஆற்றலை மறுக்க இயலாது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. ஆனால் இவை இளம் வயதினரிடம், மருத்துவக் கண்காணிப்பில், 10 வாரம் மட்டும் பெறப்பட்டவை. பல ஆண்டுகள் பயன்படுத்திய நடுவயதினரின் நிலையை வேறு ஆய்வுகள் காட்டுகின்றன.

நடுவயதில் கூடும் தீங்குகள்

இதயம்: ஸ்டீராய்டுகள் நல்ல கொழுப்பான எச்.டி.எல். அளவைக் குறைத்து, கெட்ட கொழுப்பான எல்.டி.எல். அளவைக் கூட்டுகின்றன, இரத்த அழுத்தத்தை உயர்த்துகின்றன, சிவப்பணுக்களைப் பெருக்கி இரத்தத்தைத் தடிக்கச் செய்கின்றன. 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, 34 முதல் 54 வயதுடைய 140 பளுதூக்கும் ஆண்களை ஒப்பிட்டது. அவர்களில் 86 பேர் ஸ்டீராய்டு பயன்படுத்தியவர்கள். இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை விழுக்காட்டை வெளியேற்றுகிறது என்பது அதன் திறனைக் காட்டும். பயன்படுத்தாதவர்களிடம் இது சராசரியாக 63 விழுக்காடு, பயன்படுத்தியவர்களிடம் 52, ஆய்வின்போதும் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களிடம் 49. வாழ்நாளில் எடுத்துக்கொண்ட மொத்த மருந்தளவு கூடக்கூட, இதயத் தமனிகளில் கொழுப்புப் படிவும் கூடியிருந்தது.

தெற்காசியர்களுக்கு இது கூடுதல் கவலை தருவது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பின் நடு வயது தெற்காசியர்களுக்கு 53 ஆகவும், பிற நாட்டினருக்குச் சுமார் 59 ஆகவும் இருந்தது. அதாவது, பழைய உடற்கட்டை மீட்க எண்ணும் அதே வயதில்தான் இதயத் தமனிகள் அடைபடத் தொடங்குகின்றன.

தசைநாண்கள்: தசையை எலும்புடன் இணைக்கும் தசைநாண் தசையைப் போல விரைவாக வலுப்பெறுவதில்லை. மருந்தால் தசை சில வாரங்களில் பெருக்கும்போது, தூக்கும் எடை கூடுகிறது, நாண் பின்தங்கிவிடுகிறது. 35 முதல் 55 வயதுடைய 142 உடற்கட்டு வீரர்களிடம் நடந்த ஆய்வில், ஸ்டீராய்டு பயன்படுத்தியவர்களில் 22 விழுக்காட்டினருக்கும், பயன்படுத்தாதவர்களில் 6 விழுக்காட்டினருக்கும் வாழ்நாளில் ஒரு முறையேனும் தசைநாண் அறுந்திருந்தது. பல ஆண்டு இடைவெளிக்குப் பின் திரும்புபவரின் நாண்கள் இன்னும் தளர்ந்த நிலையில் இருக்கும்.

இயற்கைச் சுரப்பு நின்றுபோதல்: வெளியிலிருந்து ஹார்மோன் வரும்போது, மூளையிலுள்ள ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுகின்றன. விரைகள் சுருங்குகின்றன, விந்தணு உற்பத்தி குறைகிறது அல்லது நின்றேபோகிறது. உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனான்தேட் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்து, 1990-இல் முடிவை வெளியிட்டது என்பதிலிருந்து இதன் வலிமையை உணரலாம். மருந்தை நிறுத்தியபின் இயற்கைச் சுரப்பு திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். சிலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. இடைப்பட்ட காலத்தில் சோர்வு, மனச்சோர்வு, பாலுணர்வுக் குறைவு ஆகியவை தோன்றுகின்றன. பெற்ற தசையில் ஒரு பகுதியும் கரைகிறது. இதைத் தாங்க இயலாமல் மீண்டும் ஊசிக்கே திரும்புவது பழக்க அடிமையாதலின் பொதுவான வழி.

பிற தீங்குகள்: மாத்திரை வடிவிலுள்ள பல ஸ்டீராய்டுகள் கல்லீரலைப் பாதிக்கின்றன; மஞ்சள் காமாலை, கல்லீரல் கட்டிகள் ஆகியவை ஏற்படலாம். முகப்பரு, தலைமுடி உதிர்தல், ஆண்களுக்கு மார்பகம் பெருத்தல், எரிச்சல், கோபம் ஆகியவையும் காணப்படுகின்றன. பெண்களுக்குக் குரல் தடித்தல், முகத்தில் முடி வளர்தல் போன்ற மாற்றங்கள் நிகழ்கின்றன. அவற்றுட் சில, குறிப்பாகக் குரல் மாற்றம், மருந்தை நிறுத்தினாலும் நீங்குவதில்லை.

மருத்துவ டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை

டெஸ்டோஸ்டிரோன் உண்மையிலேயே குறைந்தவர்களுக்கு மருத்துவர் தரும் சிகிச்சை வேறானது. பிட்யூட்டரிக் கட்டி, விரைகளில் அடி, புட்டாளம்மையின் பின்விளைவு போன்றவற்றால் இக்குறை ஏற்படலாம். பாலுணர்வுக் குறைவு போன்ற அறிகுறிகள் இருப்பதோடு, வெவ்வேறு நாள்களில் காலை வேளையில் வெறும் வயிற்றில் எடுத்த இரு இரத்தப் பரிசோதனைகளிலும் அளவு குறைவாக இருந்தால்தான் குறைபாடு உறுதியாகும். பின்னர் அதன் காரணத்தை அறிய வேறு ஹார்மோன்களும் சோதிக்கப்படும். இச்சிகிச்சையின் நோக்கம் அளவை இயல்பான எல்லைக்குக் கொண்டுவருவது, அதைத் தாண்டுவதன்று.

2023-இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வு, டெஸ்டோஸ்டிரோன் குறைபாட்டுடன் இதய நோயோ அதற்கான கூடுதல் வாய்ப்போ கொண்ட, 45 முதல் 80 வயதுடைய 5,200-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் இறப்பு ஆகியவை மருந்துக் களிம்பு பெற்றவர்களில் 7.0 விழுக்காட்டினருக்கும், போலிக் களிம்பு பெற்றவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தன. எனினும் மருந்து பெற்றவர்களிடம் இதயத்துடிப்புச் சீர்கேடு, நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி, திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை கூடுதலாக இருந்தன. இம்முடிவைக் காட்டி உடற்கட்டு ஊசியும் பாதுகாப்பானது என்று கூறுவது பொருந்தாது. ஆய்வில் தரப்பட்டது இயல்பான அளவை எட்டுவதற்கான மருந்து. உடற்கட்டுக்கு எடுப்பது அதனினும் பல மடங்கு.

விரைவில் குழந்தை பெற விரும்புவோர், புராஸ்டேட் புற்றுநோய் உள்ளோர், சிவப்பணு அளவு மிகுந்தோர், அண்மையில் மாரடைப்பு வந்தோர் ஆகியோருக்கு இச்சிகிச்சை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

சட்டமும் சந்தையும்

இந்தியாவில் மருந்துகள் விதிகள், 1945-இன் எச் அட்டவணையில் அனபாலிக் பொருள்கள் இடம்பெறுகின்றன. எனவே மருத்துவரின் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது. ஜிம் பயிற்சியாளருக்கு இவற்றைப் பரிந்துரைக்கவோ ஊசி போடவோ தகுதி இல்லை. மறைமுகச் சந்தையில் கிடைக்கும் குப்பியில், மேலே எழுதப்பட்ட பொருள் எழுதப்பட்ட அளவில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஊசியைப் பகிர்ந்தால் ஹெப்படைட்டிஸ், எச்.ஐ.வி. தொற்றும் சேரும். ஊட்டப் பொடிகளிலும் கலப்படம் உண்டு. 13 நாடுகளில் வாங்கப்பட்ட 634 ஊட்டப் பொருள்களைச் சோதித்து 2004-இல் வெளியான ஆய்வில், 94 பொருள்களில் உறையில் குறிப்பிடப்படாத ஹார்மோன் சார்ந்த பொருள்கள் இருந்தன.

மருந்தின்றி மீளுதல்

தசைக்கு வயது தடையன்று. 1990-இல் மரியா ஃபியாட்டரோன் குழுவினர், சராசரியாக 90 வயதுடைய, முதியோர் இல்லத்தில் வாழும் 10 பேருக்கு 8 வாரம் எடைப் பயிற்சி அளித்தனர். பயிற்சியை முடித்தவர்களின் தொடைத் தசை வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. முன்பு பயிற்சி செய்தவருக்கு மேலும் ஒரு சாதகம் இருக்கலாம். வளர்ந்த தசையில் பெருகிய உட்கருக்கள், தசை சுருங்கிய பின்னும் நீடிப்பதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. பழைய வலிமை புதிதாகத் தொடங்குபவரைவிட விரைவில் திரும்புவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

திரும்புபவர் கவனிக்க வேண்டியவை:

• தொடங்குமுன் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சோதித்தல். நடக்கும்போது மார்பு இறுக்கமோ மூச்சு வாங்கலோ இருந்தால் முதலில் மருத்துவரைக் காணுதல்.
• வாரத்தில் 2 அல்லது 3 நாள் எடைப் பயிற்சி. முதல் சில மாதங்களில் எடையைச் சிறிது சிறிதாகவே கூட்டுதல். இது தசைநாண்களுக்குக் காலம் தரும்.
• வாரத்தில் 150 நிமிடமேனும் வேக நடை போன்ற மிதமான உடலுழைப்பு.
• உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம். 70 கிலோ எடையுள்ளவருக்கு இது நாளுக்கு 84 முதல் 112 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமே உள்ளது. ஆகவே சோறு மிகுந்த உணவில் பருப்பு, சுண்டல், மீன், கோழி, சோயா ஆகியவற்றின் பங்கைக் கூட்ட வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.
• 7 மணி நேரமேனும் தூக்கம். பருமன் உள்ளவர்கள் எடையைக் குறைத்தால் டெஸ்டோஸ்டிரோன் அளவும் தானே உயரும்.

ஏற்கெனவே பயன்படுத்துபவர்கள்

ஸ்டீராய்டு பயன்படுத்துபவர்கள் அதை மருத்துவரிடம் மறைப்பதுண்டு. மறைத்தால், உயர்ந்த இரத்த அழுத்தத்துக்கோ குழந்தையின்மைக்கோ காரணம் அறியாமலே சிகிச்சை நடக்கும். எடுத்த மருந்தின் பெயர், அளவு, காலம் ஆகியவற்றைக் கூறுவது அவசியம். இதய எக்கோ, கொழுப்பு, சிவப்பணு, கல்லீரல் ஆகிய சோதனைகள் பாதிப்பை முன்கூட்டியே காட்டும். நிறுத்திய பின் வரும் மனச்சோர்வு சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரை செல்வதால், அகச்சுரப்பியல் மருத்துவரின் கண்காணிப்பில், குடும்பத்தாருக்கும் தெரிவித்து நிறுத்துவது நல்லது. மார்பு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், கண் மஞ்சளாதல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.