ஒரு மான் விலகினால் ஆட்டமே கலையும்

கோயம்புத்தூரில் என்னிடம் கேம் புரோகிராமிங் படிக்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் ஊர் கட்டும் விளையாட்டு ஒன்றை எழுதிக்கொண்டு வந்து காட்டுவார். சாலை, வீடு, வயல், விறகு சுமந்து நடக்கும் ஆட்கள் என்று பார்க்கவே ஆசையாக இருக்கும். அடுத்து ஒரு கேள்வி வரும்: "அக்கா, ஆட்டம் நல்லா ஓடுது. இனி மல்டிபிளேயரும் டிரேடிங்கும் சேர்த்துட்டா முடிஞ்சுதுல்ல?"

"இனிமேதான் தம்பி வேலையே" என்பேன்.

துப்பாக்கி ஆட்டத்தில் களத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு சில வீரர்கள். ஊர் கட்டும் ஆட்டத்திலோ ஆயிரக்கணக்கான மனிதர்களும் மரங்களும் வண்டிகளும் ஒரே நேரத்தில் இயங்கும். ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று ஓயாமல் இணையத்தில் அனுப்பிக்கொண்டிருந்தால் எந்த இணைப்பும் தாங்காது.

1997இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற ஆட்டம் வெளிவந்தபோது இந்தச் சிக்கல் இன்னும் கடுமை. 28.8 கிலோபிட் மோடத்தில் எட்டுப் பேர் சேர்ந்து ஆட வேண்டும். அதை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸ் பிடித்த வழி, இருவர் போனில் செஸ் ஆடுவதைப் போன்றது. பலகை அவரவர் வீட்டில் இருக்கும். சொல்லிக்கொள்வது நகர்த்தலை மட்டும். 'இந்த ஆள் அந்த மரத்தை வெட்டப் போகட்டும்' என்ற கட்டளை மட்டுமே இணையத்தில் போகும். அதன் விளைவை எட்டுக் கணினிகளும் தனித்தனியாகக் கணக்கிட்டு ஒரே விடைக்கு வந்து சேர வேண்டும். சராசரியாக 200 மில்லி வினாடி ஒரு சுற்று. இப்போது இடும் கட்டளை இரண்டு சுற்று கழித்துத்தான் நடக்கும். அதற்குள் அது எல்லோரையும் எட்டிவிடும்.

ஒரே விடைக்கு வருவதுதான் பெரும்பாடு. அந்தக் குழுவைச் சேர்ந்த பால் பெட்னரும் மார்க் டெரானோவும் 2001இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு மான் வருகிறது. வரைபடம் உருவாகும்போது ஒரு கணினியில் மட்டும் மான் இம்மி விலகி நிற்கிறது. அதனால் வேறு பக்கமாக மேய்கிறது. சில நிமிடம் கழித்து வேட்டைக்காரனின் ஈட்டி அங்கே மட்டும் குறி தவறுகிறது. இறைச்சி வீடு வந்து சேரவில்லை. ஆடுகிறவர்கள் ஒரே ஊரைப் பார்ப்பதாக நம்பிக்கொண்டு வெவ்வேறு ஊர்களை ஆண்டுகொண்டிருப்பார்கள். பிழை தொடங்கிய இடம் அந்த மான்; கண்ணில் படுவதோ வெகுநேரம் கழித்து. எழுதி முடித்த ஆட்டத்தில் இப்படிப்பட்ட மான்களைத் தேடுவது மாதக்கணக்கில் இழுக்கும். முதல் நாளே இதை நினைத்து எழுதியவருக்கு அந்தப் பாடு பெருமளவு குறையும்.

டிரேடிங், அதாவது வணிகம், எனக்குப் பிடித்த பகுதி. 1999இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தின் சந்தையைப் பாருங்கள். தொடக்கத்தில் 100 மரம் வாங்க 130 பொன் தர வேண்டும். 100 மரம் விற்றால் 70 பொன்தான் கிடைக்கும். இடையில் உள்ளது சந்தைக் கட்டணம். ஒருவர் வாங்கினால் விலை ஏறும், விற்றால் இறங்கும், அதுவும் ஆடும் எல்லோருக்கும் சேர்த்து! எதிரி மரத்தை விற்றுத் தள்ளினால் உங்கள் கையிருப்பின் மதிப்பும் சரியும். யாரும் பாடம் எடுக்காமலே ஒரு பிள்ளைக்கு விலை ஏன் ஏறி இறங்குகிறது என்று புரிந்துவிடும்.

ஆளுக்கு ஆள் நேரடியாக விற்பதென்றால் இன்னொரு கவனம் வேண்டும். உங்கள் கிடங்கில் 50 மூட்டை குறைவதும் என் கிடங்கில் 50 கூடுவதும் ஒரே செயலாக நடக்க வேண்டும். நடுவில் நெட் துண்டித்தால் சரக்கு காணாமல் போகும், அல்லது இரண்டு பக்கமும் இருக்கும். இரட்டிக்கும் வழியை ஒருவர் கண்டுபிடித்துவிட்டால் அந்தச் சந்தை அதோடு செத்தது.

இத்தனையும் தெரிந்த பெரிய கைகளும் சறுக்கியிருக்கின்றன. 2013 மார்ச்சில் வந்த சிம்சிட்டியில் பக்கத்து ஊர்க்காரரிடமிருந்து மின்சாரமும் தண்ணீரும் வாங்கலாம், ஒருவர் தொழில் நகரமும் இன்னொருவர் சுற்றுலா நகரமும் கட்டிச் சேர்ந்து வாழலாம். அருமையான யோசனை. ஆனால் தனியாக ஆடவும் இணையம் கட்டாயம் என்று வைத்தார்கள். வெளியான வாரம் சர்வர்கள் திணறின. காசு கொடுத்தவர்களால் ஊருக்குள்ளேயே நுழைய முடியவில்லை. பளுவைக் குறைக்க ஆட்டத்தின் அதிவேகத்தையே நிறுத்தி வைத்தார்கள். இணையமில்லாமல் ஆடும் வசதி வர ஓராண்டு ஆனது. 2015 மார்ச்சில் பின்லாந்திலிருந்து வந்த சிட்டிஸ்: ஸ்கைலைன்ஸ் மல்டிபிளேயரே இல்லாமல் ஒரு மாதத்துக்குள் 10 லட்சம் பிரதிகள் விற்றது.

கூடி ஆடுவது வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 2009இல் தனியாள் ஆட்டமாக வந்த அன்னோ 1404க்கு, அடுத்த ஆண்டே வெனிஸ் என்ற விரிவாக்கம் மல்டிபிளேயரைக் கொண்டுவந்தது. கூடி ஆட விரும்பியவர்கள் கூடினார்கள். மற்றவர்களின் ஊர் அவர்களுடையதாகவே இருந்தது.

புதிதாக எழுதுகிறவர்கள் பேனிஷ்டைப் பார்க்கட்டும். 2014இல் ஒரே ஆள் எழுதி முடித்த ஆட்டம் அது. அங்கே பணமே கிடையாது. ஆற்றில் படகில் வரும் வியாபாரியிடம் பண்டமாற்றுதான். முதலில் அப்படியொரு கணினி வியாபாரியை வையுங்கள், கொடுக்கல் வாங்கல் கணக்கு தவறாமல் ஓடுகிறதா என்று பாருங்கள், பிறகு அவருடைய இடத்தில் இன்னொரு மனிதரை உட்கார வையுங்கள். எதைச் சேர்த்தாலும், நெட் இல்லாத வீட்டில் ஒருவர் தனியாக உட்கார்ந்து தன் ஊரைக் கட்டும் வழியை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.