இருதய வரைபடத்தில் வழுவும் வழுவமைதியும்

உத்தியோகத்திற் சேருமுன்னரும், சேர்ந்தபின் ஆண்டுதோறும், தொழிலாளருக்கு இருதயத்தின் மின் வரைபடம் எடுக்கும் வழக்கம் பல ஆலைகளிலும் காரியாலயங்களிலும் உண்டு. அத்தாளின் தலைப்பில் 'அசாதாரணம்' என்னும் ஒரு சொல் அச்சாகிவிடின், வேலை கிட்டுமோ, கிட்டிய வேலை நிலைக்குமோ என ஒரு குடும்பமே கலங்குகின்றது. அங்ஙனம் விலகிய வரைபடமுடையார் தொழில் செய்வோருள் எத்துணையர் என ஆராய்வது பயனுடைத்து.

ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் வில்லம் ஐந்தோவன் என்பார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காந்தத்தினிடையே வெள்ளி பூசிய நுண்ணிழை ஒன்றை நிறுத்தி, இவ்வரைபடத்தைச் செம்மையுற எழுதுவித்தார். 1924இல் நோபெல் பரிசும் பெற்றார். கருவி தெளிவாயிற்று. ஆயின் சாதாரணம் எது என்னும் வினா எளிதில் தீர்ந்ததன்று. ஒரே படத்தை இரு மருத்துவர் இருவேறாகப் படித்தனர். 1960இல் 'மின்னெசோட்டாக் குறியீடு' தோன்றியபின்னரே, ஓரிடத்துத் தொகையை மற்றோரிடத்துத் தொகையோடு ஒப்பிடல் இயன்றது.

எல்லை வகுக்கும் முறையையும் நோக்குக. நலமுள்ளார் பலரை அளந்து, அவருள் பெரும்பாலார்க்கு அமைந்ததையே சாதாரணம் என்பர். ஓரத்தில் நிற்கும் சிலர், நோயிலராயினும், எல்லைக்குப் புறத்தே போவர். ஒன்றையொன்று சாராத 10 அளவுகளில், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு இருவர் விலகுவதாகக் கொள்வோம். அப்போது நூற்றுக்கு 18 பேர் ஏதேனும் ஒன்றில் விலகியவராவர்! ஆகவே, 'எத்துணையர்' என்பதற்கு விடை, கோட்டை எங்கே கிழிக்கின்றோம் என்பதைப் பொறுத்தது.

இலக்கணம் பயிலும் நமக்கு இது புதிதன்று. விதியினின்று பிறழ்ந்தன யாவும் வழுவல்ல. சான்றோர் கொள்ளும் வழுவமைதியும் உண்டன்றோ? ஓட்டக்காரரின் நாடி நிமிடத்திற்கு 60க்குக் கீழே நிற்றலும், மூச்சோடு ஒத்து அது விரைந்து தணிதலும் அவ்வகையின. அமெரிக்க விமானப் படையினர் 1,22,043 பேரின் படங்களைத் தொகுத்து ஹிஸ், லாம் என்னும் இருவர் 1962இல் வெளியிட்டனர். இருதயத்தின் வலப்புற மின்பாதை தடைப்பட்டவர் அவருள் ஆயிரத்திற்கு ஏறக்குறைய இருவரே. வயது ஏற ஏற இத்தொகை மிகும். இளையோரிடத்தே வேறு நோயின்றி இது காணப்படின் பெரும்பாலும் தீங்கற்றது.

எனினும் எல்லாவற்றையும் வழுவமைதியென ஒதுக்கலாகாது. லண்டன் மாநகரில் 1967 முதல் அரசாங்க உத்தியோகஸ்தர் ஏறக்குறைய 18,000 ஆடவரைச் சோதித்தபோது, இருதயத்திற்கு இரத்தம் குறைந்தமையைக் காட்டும் படமுடையார் பிற்காலத்தில் மாரடைப்பால் மிகுதியாக இறந்தமை புலனாயிற்று. அவர்கள் அன்றாடம் அலுவலுக்குச் சென்றவர்களே. மேலும், கடும் நோயுற்றோர் வேலையை விட்டு நீங்கிவிடுவராதலின், வேலையிடத்தில் எண்ணிய தொகை ஊரார் அனைவர்க்கும் உரிய தொகையினும் குறைந்தே தோன்றும்.

வழுவோ வழுவமைதியோ எனத் துணிய, மருத்துவர் வயது, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குடும்பத்தார் நோய் முதலியவற்றை வினவுவர். எல்லாவற்றினும் அவர் விரும்பிக் கேட்பது அந்த ஆளின் பழைய வரைபடமே. பத்தாண்டாக மாறாத விலகல் வேறு. சென்ற ஆண்டு இல்லாது இவ்வாண்டு தோன்றிய விலகல் வேறு. பலரோ அத்தாளைப் பழைய காகிதத்தோடு விற்றுவிடுகின்றனர்.